ரொட்டிக் கடைக்குப் போன பதில்

சொல்ல மாட்டேன். பிள்ளை ஆணா பெண்ணா என்பது மட்டும் என் வாயிலிருந்து வராது. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்கிறேன். நல்ல கனம். மூக்கு என்னுடைய மூக்கு, அதில் சந்தேகமே இல்லை. காது அதன் அப்பனுடையது, மேல் விளிம்பு கொஞ்சம் மடங்கியிருக்கும். கொட்டாவி விட்டால் முகத்தில் வாயைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. நான் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன், கையில் எப்போதும் கிரீஸ். அதனால் காலையில் கடை போடுவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நிற்பேன். என் கையில் கொடுப்பார்கள். என் கையில் இருக்கும்போது அது அழுததே இல்லை. அழுதது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

ஆனால் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது. அது என் மருமகள் டொவேராவின் கட்டளை. ஏன் அப்படி ஒரு கட்டளை என்று சொல்லப் போனால், மெயில் பெட்டியில் தொடங்க வேண்டும்.

எங்கள் ன்கத்தா பே ஊருக்கு மேலே, மலைச் சரிவில், மிஷன் அலுவலகம் இருக்கிறது. ஏரிக்கரை நெடுக உள்ள அவர்களுடைய ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அதுதான் தலைமை. அங்கே எல்லாருடைய மெயிலையும் பார்த்துக்கொள்கிறவள் டொவேரா. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருமகளை அவள் அப்பா வீட்டுப் பேரால்தான் கூப்பிட வேண்டும், ஆகையால் எனக்கு அவள் நியாலொங்குவே. அவளும் என்னோடு பேசும்போது தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தலை தானாக நிமிர்ந்துவிடும்.

அலுவலகத்தின் பின்னறையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. எல்லாருடைய மெயிலும் அதற்குள்தான். ஊரில் கரண்ட் போகிற போதெல்லாம் அது சாகும், வந்தால் பிழைக்கும். ஒரு நாள் பிழைக்காமல் போனால் நர்சுகளின் சம்பளக் கடிதத்திலிருந்து மருந்துக் கணக்கு வரைக்கும் எல்லாம் போச்சு. அதனால் தலைநகர் லிலோங்வேயில் வாடகைக்கு ஒரு புது மெஷின் பிடித்து, எல்லார் பெட்டிகளையும் அங்கே மாற்றும்படி டொவேராவிடம் சொன்னார்கள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை.

அவள் மாற்றுகிற விதத்தை எனக்கு ஒருநாள் விளக்கினாள். மரவள்ளி மாவுக் களி, எங்கள் கொண்டோவோலே, கிளறிக்கொண்டே சொன்னாள்.

"வீடு மாத்தற மாதிரிதான் அப்பா. எல்லாரும் என்ன பண்றாங்க, வண்டிய வரச்சொல்லி ஒரே நாள்ல சாமான ஏத்திட்டு, பழைய வீட்டப் பூட்டிட்டுப் போயிடறாங்க. நான் அப்படிப் பண்ண மாட்டேன். பழைய வீட்ல ஆளுங்க இருக்கும்போதே, ஒவ்வொரு சாமானுக்கும் நகல் எடுத்துப் புது வீட்ல வச்சிடுவேன். அப்புறம்தான் பேர்ப்பலகைய மாத்துவேன். மாத்தினப்புறம் இன்னொரு தடவ போயி, நடுவுல வந்தது ஏதாவது கிடக்குதான்னு பாப்பேன். பழைய கதவ மட்டும் உடனே பூட்ட மாட்டேன்."

"ஏன், அதான் எல்லாம் எடுத்தாச்சே?"

"சில ஊரு மெஷினுங்க பழைய விலாசத்தையே பிடிச்சிட்டிருக்கும். நாம மாறிப் போனது தெரியாம அங்கயே வந்து போட்டுட்டுப் போயிடும்."

சொன்னபடியே செய்தாள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுடைய மிகப் பழைய கடிதம் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியாக வந்தது ஒன்று, மூன்றையும் புதுப் பெட்டியில் தேடி எடுக்கச் சொல்வாள். தேதி சரியா, படித்தது படித்ததாகவே இருக்கிறதா, படிக்காதது படிக்காததாகவே இருக்கிறதா என்று பார்ப்பாள். அவர்கள் வாயால் எல்லாம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அடுத்த ஆள். நிர்வாகி கம்வெண்டோவுக்குப் பொறுமை போய்விட்டது. மருந்து வைக்க அவருக்கு அந்தப் பின்னறை வேண்டும். முட்டையை அடைகாக்கிற மாதிரி மெயிலை அடைகாக்கிறாளே என்று கேலி செய்தாராம். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மற்றவர்களின் பெட்டியை எல்லாம் மாற்றினாள். தன் பெட்டியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அதில் என் மகன் கும்போவின் கடிதம் ஒன்று இருந்தது.

கும்போ மக்காச்சோளம் முற்றுகிற காலத்தில் ஜோனிக்குப் பஸ் ஏறினான். ஜோகன்னஸ்பர்க்கை நாங்கள் ஜோனி என்போம். இந்தக் கரையில் ஒரு வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருக்கிறார்கள். அவன் போகும்போது அவளுக்குப் பிள்ளை தரித்தது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. வழியில் போனைப் பறித்துக்கொண்டார்கள், எண்கள் எல்லாம் அதோடு போயின. இவளுடைய ஆபீஸ் விலாசம் மட்டும் மனதில் இருந்திருக்கிறது. ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலை. இது முதலாளியின் கம்ப்யூட்டர், அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தெரிந்தால் வேலை போய்விடும், இதற்குப் பதில் போடாதே, போன் வாங்கியதும் நானே கூப்பிடுகிறேன். அவ்வளவுதான் கடிதம்.

அவள் பதில் போடவில்லை. தான் கர்ப்பம் என்று தெரிந்தபோதும் போடவில்லை. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்ப்பாள் என்று அவளோடு வேலை செய்கிற மசோஸி பிறகு என்னிடம் சொன்னான். பதில் எழுதுகிற இடத்தில் ஏதோ எழுதுவாளாம், அழிப்பாளாம், வேலையை ஆரம்பித்துவிடுவாளாம். கடிதத்தை விட்டால் அந்தக் கடையின் பேரும் தெரியாது, தெருவும் தெரியாது. ஜோனிக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லி அனுப்பினேன். அது ஏரியில் விழுந்த திருகாணியைத் தேடச் சொன்ன மாதிரி.

தென்காற்று அடித்து ஓய்ந்தது. வெயில் காலம் வந்தது. போன் வரவில்லை. ஜோனிக்குப் போய் வீட்டை மறந்துபோகிறவர்களை எங்கள் பக்கத்தில் மச்சோனா என்பார்கள். அந்தச் சொல்லை என் வீட்டு வாசலில் முதலில் சொன்னவள் உசிப்பா மீன் விற்கிற நியாமண்டா. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு போகிற டொவேராவைப் பார்த்து, "என்ன தம்பி, உம்ம மகன் மச்சோனா ஆயிட்டானாமே, பிள்ளைக்குப் பேரு யாரு வைக்கப் போறது? மலைமேல இருக்கற மெஷினா?" என்று கேட்டாள். காற்றுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் காசு வாங்காமல் அனுப்பினால் கோபம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அடுத்த நாளே இன்னொரு சக்கரத்தோடு வந்தாள்.

 டொவேரா சாயங்காலம் படகுத்துறைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஜோனிக்கும் அந்தத் துறைக்கும் சம்பந்தமே இல்லை, பஸ் நிற்கிற இடம் மலைக்கு அந்தப் பக்கம். ஆனாலும் துறையைத்தான் பார்ப்பாள்.

மாம்பழக் காலத்தில் பிரசவத்துக்காக வீட்டோடு இருந்தாள். லீவில் போகுமுன், என் பெட்டியை நான் வந்து மாற்றிக்கொள்கிறேன், யாரும் தொட வேண்டாம் என்று மசோஸியிடம் சொல்லியிருக்கிறாள். தனக்கு எழுதுகிறவர்களுக்குத் தானாகப் போகிற மாதிரி ஒரு பதிலும் எழுதி வைத்திருந்தாள்: நான் பிள்ளை பெறுவதற்காக வீட்டில் இருக்கிறேன், திரும்பி வந்ததும் எழுதுகிறேன், அவசரமானால் மசோஸிக்கு எழுதுங்கள், டொவேரா.

பிள்ளை பிறந்தது. அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், ஆகையால் தாண்டிப் போகிறேன்.

தொப்புள்கொடி விழுந்த மறுநாள், பிற்பகல். நான் மாமரத்தடியில் ஒரு செயினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே டொவேரா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை, பிரசவத்தில்கூட. பிள்ளைக்கு ஏதோ என்று கிரீஸ் கையோடு ஓடினேன். வாசலில் நின்றேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்திடுச்சு அப்பா. அவர் எழுதியிருக்காரு. இன்னைக்குத் தேதி போட்டிருக்கு."

 படி என்றேன். அவள் திறந்தாள். படிக்க ஆரம்பித்தவள் குரல் இரண்டாவது வரியிலேயே இறங்கிவிட்டது. போனைப் பறித்துக்கொண்டார்கள். மாவு பிசைகிற வேலை. பதில் போடாதே. அதே பழைய கடிதம். ஒரு சொல்கூட மாறவில்லை.

 பிறகு விரலால் போனைத் தள்ளிப் பார்த்தாள். எல்லாக் கடிதங்களும் அன்றைக்கே வந்ததாகக் காட்டின. கல்யாணத்துக்கு முன்னால் வந்ததும், போன மாதம் வந்ததும், எல்லாம் ஒரே நாள், எல்லாம் படிக்காதவை.

"மசோஸி முன்வாசல் வழியா விட்டிருக்கான்," என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்து நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மசோஸி வந்தான். கையில் ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி, கால் கட்டியிருந்தது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்காரன். வாசலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கோழியை எனக்கு முன்னால் வைத்தான். எங்களில் தப்புச் செய்தவன் கோழியோடு வந்தால், பேச்சு பாதி முடிந்த மாதிரி.

கம்வெண்டோ தினமும் நச்சரித்திருக்கிறார். இவள் பெட்டி ஒன்றுதான் பாக்கி, அதனால் மருந்தெல்லாம் வராந்தாவில் கிடக்கிறது என்று. மசோஸி, அக்காவுக்கு ஒரு வேலையைக் குறைக்கலாமே என்று நினைத்திருக்கிறான். முதலில் அவளுடைய தானாகப் போகிற பதிலைப் புதுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். பிறகு பழைய கடிதங்களை அங்கே கொண்டுபோயிருக்கிறான். டொவேரா செய்வது போல நேராக அலமாரியில் கொண்டுபோய் அடுக்கவில்லை. புதிதாக வருகிற கடிதங்கள் நுழைகிற வாசலிலேயே ஒவ்வொன்றாக விட்டிருக்கிறான். அந்த வாசலில்தான் அந்தப் பதில் காவல் நிற்கிறது. வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும், அது எந்த வருஷத்துக் கடிதமாக இருந்தாலும், நான் பிள்ளை பெறுவதற்காக வீட்டில் இருக்கிறேன் என்று அது எழுதிப் போட்டுவிட்டது.

எப்போதோ பிரிண்டர் விற்க வந்த ஒருவர் வாழ்த்து அனுப்பியிருந்தாராம். ஊர் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டர், நான் உனக்குக் கடைசியாக எழுதியது மூன்று நிர்வாகிகள் மாறுவதற்கு முன்னால், ஆனாலும் மிகவும் சந்தோஷம் என்று எழுதியிருந்தாராம். மசோஸி இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து டொவேராவின் குரல் கேட்டது.

"எல்லாருக்குமா போச்சு?"

"எல்லாருக்கும் அக்கா. மன்னிச்சிடுங்க."

"ரொட்டிக் கடைக்கும்?"

அவனுக்கு ரொட்டிக் கடை எது என்று தெரியாது. தன் போனில் தேடிப் பார்த்தான். போயிருக்கிறது என்றான்.

 நான் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். இத்தனை மாதம் ஒரு சொல் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு காப்பாற்றிய கும்போவின் வேலை, இப்போது அவள் பேராலேயே போய்விட்டது என்று எனக்கும் புரிந்தது. முதலாளி கம்ப்யூட்டரைத் திறப்பார், யார் இந்த டொவேரா, யார் இங்கே உட்கார்ந்து எழுதினது என்பார். கோழியை வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் மசோஸி அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

அதன் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. பால் குறைந்துவிட்டது என்று என் தங்கை கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். டொவேரா போனைக் குழந்தையின் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டியது எங்கள் பக்கம், அப்பன் இல்லாவிட்டால் தாத்தா. நான் பேர் வைக்கிறேன் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஒரு பேர் யோசித்தும் வைத்திருந்தேன். அவள் வாசல்வரை வந்து, தரையைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் அப்பா என்றாள். பொறுத்தேன். குட்டி விருந்தாளி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

புதுப் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. பழைய மெஷினை வெள்ளிக்கிழமை அணைத்துவிடப் போகிறோம், எல்லாம் முடிந்துவிட்டது என்று மசோஸி போனில் சொன்னான். கம்வெண்டோ அறையில் அலமாரிகூடக் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். நான் அப்போது வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தேன். டொவேரா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மசோஸி, பழைய மெஷின்ல என் பெட்டியத் திறந்து பாத்தியா? நீ மாத்தினதுக்கு அப்புறம் பாத்தியா?"

பார்க்கவில்லை. பேர்ப்பலகை மாறி வாரக்கணக்காகிவிட்டதே, அங்கே யார் அக்கா வரப்போகிறார்கள் என்று கேட்டான்.

"வருவாங்களோ வரமாட்டாங்களோ. போயிப் பாரு. பாக்காம அணைச்சேன்னு தெரிஞ்சா, இன்னொரு கோழிக்கு நீ கடன் வாங்கணும்."

போனை வைக்காமலே போயிருக்கிறான். அவன் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.  பிறகு, "அக்கா, நான் வீட்டுக்கே வந்திடறேன்," என்றான். மலைச் சரிவில் பிரேக் இல்லாத அவனுடைய சைக்கிளில், கடவுள் புண்ணியத்தில், முழுசாக வந்து சேர்ந்தான்.

ஜோனியில் அந்தக் கடையின் மெயிலைச் சுமக்கிற மெஷின் பழைய விலாசத்தையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கும்போவின் கடிதம் பழைய வாசலில் கிடந்திருக்கிறது. மசோஸி அதைத் தன் போனில் படமாக எடுத்து வந்திருந்தான். தானே படிக்கவில்லை, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன் என்று சத்தியம் செய்தான். டொவேரா முதலில் தனக்குள் படித்தாள். பிறகு எனக்காகச் சத்தமாகப் படித்தாள்.

"முதலாளிதான் கூப்பிட்டுக் காட்டினார். திட்டுவார் என்று நின்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து எழுது என்றார். எனக்குத் தெரியாது டொவேரா. எனக்குத் தெரியவே தெரியாது. ஆணா பெண்ணா?"

நான் பிள்ளையை வாங்கி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உன் அப்பன் உயிரோடு இருக்கிறான், ரொட்டிக் கடையில் இருக்கிறான் என்று அதனிடம் சொன்னேன். என் தங்கை குலவையிட்டாள். மசோஸி மாமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையோடு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அப்பா, அப்ப நான் தப்புப் பண்ணலதானே? என் கோழியத் திருப்பிக் குடுப்பீங்களா?"

கோழி அதற்குள் என் வீட்டில் முட்டையிடத் தொடங்கியிருந்தது. முட்டையை வேண்டுமானால் எடுத்துக்கொள், கோழி எங்களுடையது என்றேன்.

டொவேரா சிரிக்கவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அதே கடை. அதே கம்ப்யூட்டர். மக்காச்சோளம் முற்றியதிலிருந்து மாம்பழம் பழுக்கிற வரைக்கும் அவன் அங்கேயேதான் இருந்திருக்கிறான், எழுதுவதற்கு நாற்காலியும் இருந்திருக்கிறது. வெறுங்கையோடு என்ன எழுதுவது என்று தள்ளித் தள்ளிப் போட்டிருப்பான், அந்த வெட்கத்தில்தான் பலரும் மச்சோனா ஆகிறார்கள். அவன் என் மகன். அவனுக்காக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவன், பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு என் சைக்கிள்கள் பக்கம் போனேன்.

அன்று அவள் பதில் எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. கம்வெண்டோவுக்குப் போன் செய்து, பழைய மெஷின் வெள்ளிக்கிழமை அணையாது, மருந்து இன்னும் கொஞ்ச நாள் வராந்தாவில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. அவள் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை காத்திருந்து, நன்றி ஐயா என்று வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் நியாமண்டா தினமும் வருகிறாள். அவளுடைய அக்கா மகன் ஜோனியில் இருக்கிறான், கையில் எப்போதும் போன். இங்கே ஒரு வார்த்தை விழுந்தால் சாயங்காலத்துக்குள் அங்கே கேட்கும். ஆணா பெண்ணா என்று கேட்பதற்காக இந்த வாரம் மட்டும் அவள் மூன்று டயருக்குக் காற்றடித்துவிட்டாள்.

இன்று காலை நான் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றேன். டொவேரா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்து ஏதோ எழுதினாள். அழிக்கவில்லை. அனுப்பிவிட்டாள். என்ன எழுதினாய் மகளே என்று கேட்டேன். தலையைக் குனியாமல், என் கையிலிருந்த குட்டி விருந்தாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆணா பெண்ணான்னு வந்து பாத்துக்கச் சொன்னேன் அப்பா. அவரு வர்ற வரைக்கும் நீங்களும் யாருக்கும் சொல்லாதீங்க. அங்க போற பஸ்ஸுதானே இங்கயும் வருது."